நாற்பத்தொன்றாம் காட்சி

சித்திரபுரம்
12 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வப்பிரியா எழுதுவது. இங்கே நான் நலம். சளி மட்டும் போவேனா என்கிறது, மழை அப்படி. நீங்கள், அண்ணி, பாப்பா எல்லோரும் சுகம்தானே? அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். போனில் கூப்பிட்டால் "அப்பா பக்கத்துல இருக்கறார், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் ஆறு வருஷமாக வரவில்லை. அதனால்தான் உங்கள் பால் சொசைட்டி முகவரிக்கு எழுதுகிறேன். செயலாளர் பெயருக்கு வரும் தபாலை அப்பா பார்க்கப் போவதில்லை.

கூட வைத்திருக்கும் கட்டு என் திரைக்கதை. இத்தனை நாள் மற்றவர்கள் படத்தில் கன்டினியூட்டி பார்த்தேன். முந்தின ஷாட்டில் டம்ளர் எந்தக் கையில் இருந்தது, சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தார் என்று நோட்டில் குறித்து வைக்கிற வேலை. இப்போது முதல்முறையாக என் படம். அக்டோபரில் ஷூட்டிங். கதை நம் வீட்டுக் கதைதான். ஆனால் மலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். நம் ஊர் பெருமாட்டிக்குள் கேமராவோடு நுழைய எனக்கு ஏது வழி? இங்கே காலியாகக் கிடந்த ஒரு பழைய குவார்ட்டர்ஸ் இரும்புக் கேட்டோடு வாடகைக்குக் கிடைத்தது.

நாற்பத்தொன்றாம் காட்சியை நிதானமாகப் படியுங்கள். நிச்சயம் செய்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு சினிமா படிக்கப் போன பெண், ஒரு வருஷம் கழித்துப் பட்டிப் பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறாள். கேட் சாத்தியிருக்கிறது. அண்ணன் வந்து, "அப்பா உள்ள உட வேண்டாங்கறார்" என்கிறான். அப்பா மாட்டுப் பட்டியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். திரும்பவே இல்லை. 2019இல் நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு முத்தம்.
உங்கள் தங்கை,
பிரியா

*

பெருமாட்டி
30 ஜூன் 2025

அன்புத் தங்கை பிரியாவுக்கு,

பூபதிராஜா எழுதிக்கொள்வது. கட்டு கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் தைலத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. சளிக்குச் சுக்கு காய்ச்சிக் குடி.

மோட்டார் ரூமில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். தியேட்டரில் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுகிற ஆள் நான். எனக்கே தூக்கம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள். அந்தப் பெண்ணும் அப்பாவும் தேங்காய் எண்ணுகிற காட்சி ரொம்ப நன்றாக இருக்கிறது.

நாற்பத்தொன்று மட்டும் வேண்டாம் அம்மிணி. அப்பாவை இப்படிக் கல்நெஞ்சக்காரராகக் காட்டினால் நாளைக்கு ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அவர் எப்படித் தலைகாட்டுவார்? அந்தப் பெண் வருகிறேன் என்று சொன்னாள், ஏனோ வரவில்லை என்று வைத்துவிடேன். சொல்லாமல் விடுவதுதான் சினிமாவுக்கு அழகு என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்,
பூபதி

*

சித்திரபுரம்
9 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சளி விட்டது. உங்கள் சுக்குக்கு நன்றி. அங்கே எல்லோரும் நலமாக இருக்கட்டும்.

அவள் வரவே இல்லை என்றால் எனக்குப் படமே இல்லை. முன்னால் இருக்கிற நாற்பது காட்சியும் அந்தக் கேட்டை நோக்கித்தான் வருகின்றன. பின்னால் இருக்கிற இருபதும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நீங்கள் அப்பாவுக்காகப் பயப்படுவது எனக்குப் புரிகிறது. எனக்கும் அவரை வில்லனாக்க ஆசை இல்லை. ஆனால் அந்தக் காட்சி இப்போது நொண்டுகிறது. ஏன் என்றும் எனக்குத் தெரியும்.

ஒரு ஆள் ஒரு காரியம் செய்தால் எழுதுகிறவளுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்தால் போதும். எனக்குத் தெரியாவிட்டால் எத்தனை நல்ல நடிகர் வந்தாலும் அந்த இடம் பொய்யாகத்தான் தெரியும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தூர் ஆஸ்பத்திரிக்கு நடந்த மனுஷன். நான் போகும்போதும், "படிச்சுட்டு வா, மத்ததை நாம்பாத்துக்கறேன்" என்றவர். அவர் எதற்குக் கேட்டைச் சாத்தச் சொன்னார்?

அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தையை வார்த்தையாகவே எழுதுங்கள். எங்கே நின்று சொன்னார், கையில் என்ன இருந்தது, எல்லாம் வேண்டும்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பிரியா

*

பெருமாட்டி
22 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

இவ்விடம் யாவரும் சுகம். சொசைட்டியில் கணக்குப் பார்க்க வந்திருந்தார்கள். அதனால்தான் ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்டது பழைய கதை. அப்பா மோட்டார் ரூமில் இருந்தார். என்னைக் கூப்பிட்டு, "அவ வந்தா உள்ள உடாதே" என்றார். கையில் ஸ்பேனர் இருந்த மாதிரி ஞாபகம். அவ்வளவுதான். பெரியவர்கள் கோபத்துக்கெல்லாம் காரணம் கேட்க முடியுமா? அதைத் தோண்டி எடுத்து உனக்கு என்ன ஆகப்போகிறது?

தென்னைக்கு வண்டு விழுந்திருக்கிறது. நாளை மருந்து வைக்க ஆள் வருகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

பூபதி

*

சித்திரபுரம்
3 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அப்பாவின் முழங்காலைப் பற்றி நீங்கள் இந்தத் தடவை எழுதவில்லை. ஒன்றும் மோசமில்லையே?

ஒத்திகை ஆரம்பித்துவிட்டது. அப்பாவாக நடிக்கிறவர் குருசாமி ஐயா. தேவிகுளம் பக்கம் தேயிலை பாக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எஸ்டேட் நாடகங்களில் முப்பது வருஷம் நடித்தவர். நேற்று நாற்பத்தொன்றைச் செய்து பார்த்தோம். பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏ தாயி, ஒண்ணு கேக்கேன். வாசல்ல மவ நிக்கது இந்தாளுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் ஐயா. அவர்தானே சாத்தச் சொன்னது."

"தெரிஞ்சுக்கிட்டு திரும்பாம நிக்க முதுகு வேற. தெரியாம நிக்க முதுகு வேற. நீ எழுதினத வாசிச்சா தெரியாதவன் முதுகு மாதிரில்லா இருக்கு? மாட்டுக்குத் தண்ணி தெளிக்கான், தட்டத்தத் தட்டுதான், சிரிக்கான். மவள வெரட்டுனவன் சிரிப்பானா?"

அப்பா சிரித்ததை நான்தான் எழுதியிருக்கிறேன். பார்த்ததை எழுதினேன். என்னை விரட்டிவிட்டு மாட்டிடம் சிரிக்கிறாரே என்றுதான் இத்தனை வருஷமும் அழுதிருக்கிறேன்.

இன்னொன்று. கன்டினியூட்டி பார்த்த புத்தி, மன்னியுங்கள். அன்றைக்குக் கேட்டில் நீங்கள் என்னிடம் சொன்னது, "இப்பத்தான் பட்டியில நின்னுட்டுச் சொன்னார்" என்று. இப்போது மோட்டார் ரூம் என்கிறீர்கள். எது சரி? நான் வந்து நின்றது அப்பாவுக்குத் தெரியுமா?

பிரியா

*

பெருமாட்டி
20 செப்டம்பர் 2025

அன்புள்ள பிரியாவுக்கு,

உங்கள் அண்ணி கோமதி எழுதுகிறேன். நாம் பார்த்துப் பேசியதில்லை. நலமாக இருக்கிறீர்களா? மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா?

உங்கள் அண்ணன் மோட்டார் சாமான் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்த அன்று, சொசைட்டிப் பையன் தபாலை என் கையில் கொடுத்துவிட்டான். உங்கள் கையெழுத்து என்று தெரியாமல் பிரித்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். திரும்ப ஒட்டி மேஜையில் வைத்துவிட்டேன்.

படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மாமா உங்களை விரட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்பது வேறு. ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமா என்னிடம், "அன்னைக்குப் பிரியா வரேன்னு சொல்லியிருந்தா அம்மிணி. பட்டி வேலை முடிச்சுட்டு வந்து, இலையப் போட்டு வெச்சுட்டு ராத்திரி வரைக்கும் பாத்தேன். வரலை. அதுக்கப்பறம் என்ற மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னுட்டாளாம்" என்பார். உங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

உங்கள் அண்ணனிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
கோமதி

*

சித்திரபுரம்
27 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

நான் நலம். எல்லோரும் நலமாக இருங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அப்பா என்ன சொன்னார்? உண்மையில் ஏதாவது சொன்னாரா?

பிரியா

*

சித்திரபுரம்
18 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

மூன்று வாரமாகிறது. பதில் இல்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை. உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? எழுதும்போதே அதையும் நினைத்துப் பயமாக இருக்கிறது.

ஷூட்டிங் பதினோரு நாள் முடிந்தது. நாற்பத்தொன்றை மூன்று தடவை தள்ளிப் போட்டுவிட்டேன். மழை என்றேன், லைட் சரியில்லை என்றேன். கேமராமேன் ஜிபின் இன்று, "சேச்சி, லைட் நல்லாத்தான் இருக்கு, ஒங்களுக்கு என்னாச்சு?" என்று கேட்டேவிட்டான். குருசாமி ஐயா தினமும் மேக்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அவர் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நவம்பர் இருபதோடு இந்த வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நேற்று ஒரு சமயம், தெரிந்த முதுகும் வேண்டாம், தெரியாத முதுகும் வேண்டாம், ஏதோ ஒரு முதுகை எடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தது. பிறகு வெட்கமாகிவிட்டது.

எதுவானாலும் எழுதுங்கள் அண்ணா. எழுதாமல் இருப்பதுதான் என்னைக் கொல்லுகிறது.

பிரியா

*

பெருமாட்டி
26 அக்டோபர் 2025

பிரியாவுக்கு,

எல்லோரும் சுகம். நானும் சுகம்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நீ வந்ததே அவருக்குத் தெரியாது.

நீ வருவதாகச் சொன்னதை நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் ஆட்டம் போடாத குறைதான். பட்டிக்கு நடுவில் மாடு மிதிக்கிற சின்னத் தெப்பக்குளத்தை அவரே வெட்டினார். "மாடு தெப்பக்குளத்த மிதிக்கறதுக்குள்ள வந்துருவாளாடா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கோமதி வீட்டார் ஒன்பது பேர், வீடு பார்க்கிறோம் என்று வந்து இறங்கினார்கள். அவர்களோடு நீ வேண்டாம் என்ற மாப்பிள்ளையின் அப்பாவும் வந்திருந்தார். கோமதிக்குத் தாய்மாமன் அவர்தான். வந்ததும் வராததுமாக, "அந்தப் புள்ள இங்கதான் இருக்குதுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றேன். அப்போது நீ இல்லைதானே.

சாயங்காலம் நீ கேட்டில் வந்து நின்றாய். அவர்கள் உள்ளே பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அதற்கு முன் நாலு இடம் தட்டிப் போயிருந்தது. நீ உள்ளே வந்தால் இதுவும் போய்விடும் என்று பயம். இன்றைக்குப் போகச் சொல்லிவிட்டு நாளைக்குக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் சொன்னால் நீ போகமாட்டாய், சண்டை போடுவாய். அப்பா சொன்னார் என்றால் போய்விடுவாய். அதனால் அவர் பெயரைச் சொன்னேன். பட்டியில் தட்டைத் தட்டுகிற சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் பாப்பா பிறக்கட்டும் என்று இருந்தேன். அவர் உன்னைக் கேட்கும்போதெல்லாம் ஒரு பொய், நீ அவரைக் கேட்கும்போதெல்லாம் ஒரு பொய். அவர் போன் செய்யக் கிளம்பியபோது, நீ அவர் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றுவிட்டாய் என்றேன்.

கோமதியிடம் நேற்று சொன்னேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை.

படத்தில் என்னைக் காட்டுவாயா?

பூபதி

*

சித்திரபுரம்
31 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. அன்றைக்கு ஷூட்டிங்கை நிறுத்திவிட்டேன். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். ஆறு வருஷம், அண்ணா! அவர் எனக்கு இலை போட்டு வைத்திருக்கிறார், நான் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்தத் திட்டையெல்லாம் சேர்த்து ஒரு திரைக்கதையாக எழுதி, ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று நின்றேன். உங்கள் மேல் உள்ள கோபம் தீரவில்லை. தீரும் என்றும் இப்போது எழுத முடியாது.

படத்தில் உங்களைக் காட்டுவேன். நாற்பத்தொன்றை நேற்று உட்கார்ந்து திருப்பி எழுதினேன். பலகாரம் சாப்பிடுகிற ஒன்பது பேரும் வருகிறார்கள். கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற அண்ணனுக்கு இப்போது காரணம் இருக்கிறது. பயந்தவன், கெட்டவன் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அவன்மேல் கோபம் வரும், ஆனால் கல் எறிய மாட்டார்கள். அந்த அளவுக்கு உங்களுக்கு நியாயம் செய்திருக்கிறேன். எழுதும்போது அதற்கு மட்டும் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

ஒரு நிபந்தனை. அப்பாவிடம் நீங்களே சொல்ல வேண்டும். இதை அவர் தியேட்டரில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளக் கூடாது. அவருக்குத் தெரிந்த பிறகுதான் அந்தக் காட்சியை எடுப்பேன். பதிமூன்றாம் தேதி ஷூட்டிங்குக்குக் கடைசி நாள். அதற்குள் உங்கள் கடிதம் வராவிட்டால் அந்தக் காட்சி இல்லை, படமும் இல்லை.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பேசாவிட்டாலும் காதில் விழும்.

பிரியா

*

பெருமாட்டி
9 நவம்பர் 2025

அன்புள்ள பிரியாவுக்கு,

உன் நலம்தான் எங்களுக்கு வேண்டும்.

சொல்லிவிட்டேன். ஆறு நாள் வாயைத் திறக்க முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலையில் அப்பா களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். கோமதி என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

கையிலிருந்த காயை உரித்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார், அதைக் கீழே வைத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், "எத்தன நேரம்டா நின்னா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். நான் உன்னைப் போகச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. பட்டி வேலை முடிந்து அப்பா ரோட்டுக்கு வந்து பார்த்தபோது கடைசி பஸ் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"கேட்டுச் சொல்லு" என்றார். அதற்கப்புறம் என்னோடு ஒரு பேச்சும் இல்லை. கோமதி வைத்தால் சாப்பிடுகிறார். போனில் கூப்பிட்டுத் தரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "என்ற கொரலு வராது சாமி, எழுதச் சொல்லு" என்றாராம். இன்று காலையில் முழங்காலோடு சொசைட்டி வரைக்கும் நடந்துவந்து, எத்தனை மணிக்குத் தபால் வரும் என்று பையனிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எத்தனை நேரம் நின்றாய் பிரியா?

பூபதி

*

சித்திரபுரம்
14 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. நேற்றுக் காட்சியை எடுத்துவிட்டேன். குருசாமி ஐயாவிடம் போய், "அவருக்குத் தெரியாது ஐயா" என்றேன். "அப்பம் சரி" என்று சொல்லிவிட்டுப் போய் நின்றார். ஒரே டேக். மாட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு சிரித்தார். கட் சொல்ல மாட்டீர்களா என்று ஜிபின் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் கட் சொன்னேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடைசி பஸ் வருகிற வரைக்கும். அவர் ஒரு தடவை திரும்பினால் போதும், ஓடி வந்துவிடலாம் என்று நின்றேன். ஏழு மணி பஸ்ஸையும் விட்டிருப்பேன், கண்டக்டர்தான் இதுதான் கடைசி என்று ஏற்றினார். இது உங்களுக்கு மட்டும். இதை நீங்கள் சுமக்க வேண்டும், அவர் சுமக்க வேண்டாம்.

கூட இருக்கிற தாளை அப்பா கையில் கொடுங்கள். மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வார். அதில் என்ன எழுதியிருக்கிறேனோ அதையே நீங்களும் சொல்லுங்கள். அண்ணிக்கும் அப்படியே.

பிரியா

*

அப்பாவுக்கு,

பிரியா எழுதறேனுங்க. நல்லா இருக்கறேன். முழங்காலை வெச்சுக்கிட்டு சொசைட்டி வரைக்கும் நடக்காதீங்க.

அண்ணன் கேட்டாருங்க. அஞ்சு நிமிஷம்கூட நிக்கலீங்க அப்பா. பஸ் உடனே வந்துருச்சு, போயிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் வரேன்.

பிரியா